அறுபத்து நாலில் ஒரு மாநிறம்

"கருப்ப மட்டும் தொடாதீங்க மேடம். பக்கத்துல இருக்கற எல்லாத்தையும் தின்னுட்டு, ஒண்ணும் தெரியாத மாரி குந்தினு இருக்கும் அது."

அவர் என்னிடம் பேசிய முதல் உருப்படியான பேச்சு இது. அதுவரை ஒரு வருஷமாக, "ஏசில தண்ணி ஒழுவுதா?", "ஸ்டெபிலைசர் சத்தம் போடுதா?" என்ற இரண்டு கேள்விகளோடு எங்கள் பழக்கம் நின்றிருந்தது. நிலையத்தின் எலக்ட்ரீஷியன் அவர். எல்லோருக்கும் கரண்டுக்காரர். பெயர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். கேட்காமல் ஒருவருடைய துக்கத்தை எடுத்து எழுதுவதே தப்பு, பெயரையாவது அவரிடமே விட்டு வைக்கிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. ஜவ்வாது மலைமேல் வானத்தைப் படம் பிடிக்கும் ஒரு சின்ன நிலையத்தில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். திருச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருபத்தேழு வயதில் தனியாக இந்த மலைக்கு வந்ததற்கு வானத்தின் மேலிருந்த ஆசை காரணமில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுத்துக் களைத்துப் போயிருந்தேன். அப்பா எழுதுகிற கடிதத்தில் 'பெண் மாநிறம்' என்று இருக்கும். வருகிறவர்கள் என் கையைப் பார்ப்பார்கள், பிறகு அப்பாவைப் பார்ப்பார்கள். ஒரு அம்மாள் வாய்விட்டே கேட்டாள், "மாநிறம்னு எழுதியிருந்தீங்களே?" என்று. "வெயில்ல அலையறா" என்றார் அப்பா. நான் எந்த வெயிலிலும் அலைந்ததில்லை. பிறந்ததிலிருந்து கருப்பு. அந்த வார்த்தை எப்பேர்ப்பட்ட பொய் என்று தெரிந்தேதான் பிற்பாடு நானும் அதைச் சொன்னேன், அதனால்தான் இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

அந்த வருஷம் எங்களுக்கு ஒரு கலர் கம்ப்யூட்டர் வந்தது. அதில் எந்தப் படமும் சின்னச் சின்னக் கட்டங்களாகத்தான் நிற்கும். அறுபத்து நாலு நிறங்கள் அதற்குத் தெரியும், ஆனால் ஒரு சமயத்தில் பதினாறைத்தான் திரையில் வைத்துக்கொள்ளும். எந்தப் பதினாறு என்பதை நாம் பொறுக்கியெடுக்க வேண்டும். நாங்கள் 'டாக்டர்' என்று கூப்பிடும் விஞ்ஞானி ஒருவர், கட்டங்களில் நிறம் நிரப்பிப் பார்க்க ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தார். அதில் நான் ஒரு நட்சத்திரக் கூட்டத்துக்கு நிறம் தேடித் திண்டாடிக்கொண்டிருந்தபோதுதான், ஏணி மேல் நின்று ஏசியைத் துடைத்துக்கொண்டிருந்த கரண்டுக்காரர் கருப்பைப் பற்றி அப்படிச் சொன்னார்.

"வானம் கருப்புதானே அண்ணே?" என்றேன்.

"யாரு சொன்னது? அடியில கொஞ்சம் ஊதா கீது. ஊதாவ போட்டுப் பாருங்க."

போட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இது கத்திரிப்பூ கலரு மேடம். நான் சொன்னது ஊதா. பேனா இங்க்கு ஊதா!"

அந்தப் பக்கத்தில் ஊதா என்றால் நீலம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே வார்த்தைக்குள் ஆளுக்கொரு நிறத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் பேசியிருக்கிறோமே என்று சிரித்தோம். ஏணியிலிருந்து இறங்கி வந்து, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அரை மணியில் என் பதினாறு நிறங்களில் ஒன்பதை மாற்றச் சொல்லிவிட்டார். மறுநாள் டாக்டர் அந்தப் படத்தை அச்சடிக்க அனுப்பினார். யார் பொறுக்கிய நிறம் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. "நேத்து கல்யாண வூட்டு சீரியல் லைட்டு மாரி இருந்துச்சு, இப்பதான் வானம் மாரி கீது" என்று மட்டும் என் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார் கரண்டுக்காரர்.

மலைக்காரர்தான். நிலையத்திலிருந்து மூன்று மைல் உள்ளே ஒரு ஊர். போளூரில் ஒரு கடையில் வயரிங் கற்றுக்கொண்டு வந்தவர். சித்திரம் எதுவும் கற்றதில்லை. ஆனால் எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பம்ப் ரூமுக்கு வெளிர்ப்பச்சை பெயிண்ட் வந்தபோது, கதவுக்கு வந்திருந்த சிவப்பைத் திருப்பி அனுப்பும்வரை பிரஷ்ஷைத் தொடமாட்டேன் என்று மூன்று நாள் நின்றார். ஸ்விட்ச் போர்டுக்குள் யாரும் பார்க்காத இடத்தில் வயர்களைக்கூட நிறம் பார்த்து வரிசையாகக் கட்டியிருப்பார். கேட்டால், "தனியா எந்தக் கலரும் நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல மேடம். பக்கத்துல யாரு குந்தினு கீறாங்கன்னு பாக்கணும்" என்பார்.

மழைக் காலத்தில் மேகம் மூடிவிட்டால் நிலையத்துக்கு வேலை கிடையாது. பகல் முழுக்கக் கலர் பெட்டி சும்மா இருக்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவார். முதலில் இருட்டான நிறம் ஒன்றைப் பொறுக்குவார், பிறகு வெளிச்சமான ஒன்று, நடுவில் உள்ளதெல்லாம் அதற்கப்புறம். திரையின் வெளிச்சத்தைத் திருகிக் குறைத்துப் பார்ப்பார். அந்த மங்கலில் இரண்டு நிறம் ஒன்றாகிவிட்டால், "ஒண்ணு தண்டம்" என்று ஒன்றைத் தூக்கிவிடுவார். வாசல் வரை போய்க் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். அறுபத்து நாலு நிறத்துக்கும் நாங்கள் பெயர் வைத்தோம். மாம்பூ, தேன், சாணிப் பச்சை, கேவுரு என்கிற கேழ்வரகு. அசிங்கமான ஒரு கரும்பழுப்பு இருந்தது, நான் அதைத் தொட்டதே இல்லை. அவர் அதற்குப் புளியங்கொட்டை என்று பெயர் வைத்து, எல்லாப் படத்திலும் நிழலுக்குப் போட்டார். கருப்பைப் போட வேண்டிய இடத்திலெல்லாம் புளியங்கொட்டைதான்.

அவர் மகளுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் தூக்குச் சட்டியில் அப்பாவுக்குக் களி கொண்டு வருவாள். கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்போடு வரக்கூடாது என்று சொல்லி வைத்திருந்ததால், செருப்பே போடாத அந்தப் பெண் வாசலிலேயே நிற்பாள். ஊதாப் பாவாடை. கதவு திறந்ததும் வரும் ஏசிக் குளிருக்குக் கன்னத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொள்வாள். "உள்ள வா" என்றால் வர மாட்டாள். நான் கொடுத்த பிஸ்கட்டைப் பாவாடை முனையில் முடிந்துகொண்டு, "அம்மாவுக்கு" என்பாள். இவ்வளவுதான் எனக்கு அவளைத் தெரியும். இன்னும் ஒன்று தெரியும். அவள் என்னை மாதிரி கருப்பு. அதைப் பார்த்த முதல் நாளே, இவளுக்கும் ஒருநாள் யாராவது கடிதம் எழுதுவார்கள் என்று நினைத்தேன்.

அதற்கு அவசியம் வரவில்லை. பெட்டி வந்த இரண்டாம் வருஷ மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் இழுப்பு வந்து, போளூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பஸ் அடிவாரம் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. மடியில் வைத்திருந்தது அவர்தான். அடிவாரத்துச் சந்தவாசலில் இறங்கி, அந்த பஸ் போளூர் போய்த் திரும்பும்வரை காத்திருந்து, அதே பஸ்ஸில் திரும்பி வந்ததாகச் சொன்னார்கள். கண்டக்டர் அவரிடம் டிக்கெட் கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்த இந்தக் கதையை அவர் வாயால் நான் கேட்டதில்லை.

ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். பம்ப், ஜெனரேட்டர், ஏசி என்று எப்போதும் போல எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு மத்தியானம் வாசலில், அவள் நிற்கும் அதே இடத்தில், நின்றுகொண்டு கேட்டார்.

"மேடம், அந்தப் பொட்டியில ஒரு ஆள வரைய முடியுமா?"

வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. பள்ளிக்கூடத்தில் எடுத்ததும் கிடையாது. மனைவி அந்தக் குழந்தையின் பெயரை அன்றிலிருந்து வாயில் எடுக்கவில்லையாம். அடுப்பு மூட்டுகிறாள், மாட்டைக் கட்டுகிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. "ஒரே ஒரு தபா அவ கண்ணுல காட்டிட்டா போதும் மேடம். அழுதுடுவா. அழுதுட்டா பொழச்சிக்குவா" என்றார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கும் கெடு இருந்தது. கலர் பெட்டியை மாசக் கடைசியில் பெங்களூருக்குத் திருப்பி அனுப்புவதாகத் தகவல் வந்திருந்தது.

புளிய மரத்தடியில் தூக்கோடு நிற்கும் பெண். குறுக்கே முப்பத்திரண்டு கட்டம், நெடுக்கே முப்பத்திரண்டு கட்டம். மரம் ஒரே நாளில் வந்தது. அடிமரத்து நிழலுக்கு வழக்கம் போலப் புளியங்கொட்டை. பாவாடைக்கு ஊதா, எங்கள் இரண்டு பேருக்கும் இப்போது ஒரே ஊதா. தூக்கின் மேல் விழும் வெயிலுக்குத் தேன். கை, கால், ஜடை எல்லாம் வந்தன. நான் பார்த்துக்கொண்டே இருக்கும்போது பத்துக் கட்டத்தில் அவள் நிற்கும் விதம் வந்துவிட்டது, ஒரு காலை மடக்கி மற்றக் காலில் தேய்த்துக்கொண்டு. 

முகம்தான் வரவில்லை. முகத்தின் வடிவம் வந்தது, நிறம் வரவில்லை.

"என் பொண்ண பாத்துக்கீறீங்க இல்ல மேடம்? அவ இன்னா கலரு?"

என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துத்தான் கேட்டார். நான் சொன்னேன்.

"மாநிறம்ண்ணே."

ஏன் சொன்னேன் என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். செத்துப்போன குழந்தையை, அதுவும் பெண் குழந்தையை, பெற்றவரிடம் கருப்பு என்று யார் சொல்வார்கள்? சொல்லக் கூடாதென்று யாரும் நமக்குக் கற்றுத்தருவதில்லை, ஆனாலும் யாரும் சொல்வதில்லை. சமையல்காரரிடம் கேட்டிருக்கிறார், மாநிறம் என்றிருக்கிறார். தபால்காரர் மாநிறம். வாட்ச்மேன், "மூக்கும் முழியுமா, மாநிறமா இருக்குமே" என்றிருக்கிறார். கேட்ட எல்லோரும் ஒரே பதில் சொன்னதில் அவருக்கு நிம்மதி. "எல்லாரும் அதான் சொல்றாங்க மேடம். எனக்குத்தான் கொஞ்சம் இருட்டா இருந்த மாரி ஒரு நெனப்பு. பஸ்ல பாத்த மூஞ்சி. செத்த மூஞ்சி கருத்துடும் இல்ல?" என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். நான் கீ போர்டின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்க வேண்டிய ஒரே ஆளான மனைவியை மட்டும் அவர் கேட்கவில்லை. பேச்செடுக்கவே பயம்.

அறுபத்து நாலில் மாநிறம் இல்லை. தேன் மஞ்சளாக இருந்தது, கேவுரு சிவந்திருந்தது. மாம்பூவைப் போட்டால் சோகை பிடித்தவள் மாதிரி இருந்தாள். நான்கு நாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு நிறங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஐந்தாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு கட்டம் தேன், அடுத்த கட்டம் கேவுரு, மறுபடி தேன், மறுபடி கேவுரு. கிட்டத்தில் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருந்தது. வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"சாமையும் கேவுரும் கலந்து கொட்டுனா தூரத்துலேர்ந்து ஒரே கலரா தெரியும் இல்ல? வாங்க, இங்க வந்து பாருங்க மேடம்!"

போய்ப் பார்த்தேன். அங்கேயிருந்து பார்க்க, அப்பா கடிதத்தில் எழுதும் மாநிறம் அப்படியே இருந்தது. என் வாழ்நாளில் அந்த நிறத்தைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். ஊதாவோடும் மரத்தோடும் வெயிலோடும் எவ்வளவு பொருத்தமாக உட்கார்ந்திருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு நிறத்தை எடுத்தால் படமே சரிந்துவிடும். அவர் அடுத்த பத்து நாளும் மத்தியானத்தில் வந்து, எதையும் தொடாமல், அதைப் பார்த்துக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருந்தார். சில சமயம் சத்தமில்லாமல் அழுவார். நான் ஸ்டோர் ரூமுக்குப் போய்விடுவேன்.

பெட்டி போவதற்கு மூன்று நாள் முன்பு மனைவியை அழைத்து வந்தார். ஒல்லியான பெண், ஈரத் தலையை முடிந்துகொண்டு, சாமி கும்பிட வந்தவள் மாதிரி செருப்பை வெளி கேட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். கம்ப்யூட்டர் ரூம் வாசலிலேயே நிறுத்தினார். அங்கேயிருந்து பார்த்தால்தான் கட்டங்கள் கலந்து தெரியும். படத்தைப் போடச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினார்.

அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"யாரு வூட்டுப் பொண்ணு இது?"

"நம்ம பொண்ணு மே. நல்லா பாரு. தூக்கு எட்தாந்து நிக்கறா பாரு."

"பாவாட அவுளுதுதான்" என்றாள். பிறகு உள்ளே வந்தாள். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து நின்றாள். "ஏன்யா இவ்ளோ வெளுப்பா போட்டுக்கீற? அவ கருப்புய்யா. நல்ல கருப்பு. எண்ண தேச்சி வுட்டா பளபளன்னு இருப்பா. நாந்தான குளிப்பாட்டுனேன், எனக்குத் தெரியாதா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் விரல் திரை மேல் போய், மரத்தடியில் நிழலாகக் கிடந்த கட்டங்களின் மேல் நின்றது. "தோ, இது. இதான் அவ கலரு."

புளியங்கொட்டை. முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது.

 நான்தான், ஏதோ செய்தாக வேண்டுமே என்று, முகத்துக்கு வைத்திருந்த இரண்டு நிறங்களையும் புளியங்கொட்டையாக மாற்றினேன். இரண்டு மூன்று சாவியைத் தட்டினால் போதும், அவ்வளவு சுலபம். ஒரு நிறத்தை மாற்றினால் படத்தில் அது இருக்கும் எல்லா இடமும் மாறும், அதனால் தேன் போனதும் தூக்கின் மேலிருந்த வெயிலும் கூடவே அணைந்துவிட்டது. அவர் கட்டிய பொருத்தமெல்லாம் குலைந்து போயிற்று. ஆனால் அவள் வந்துவிட்டாள். வாசலில் கன்னத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாளே, அவளேதான். 

அந்த அம்மாள் மகளின் பெயரைச் சொன்னாள். பிறகு சத்தம் போட்டுச் சொன்னாள். திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது.

அவர் மட்டும் வாசலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். ஒரு அடி முன்னே வந்து பார்த்தார், பின்னே போய்ப் பார்த்தார். "இதுவா?" என்றார் மனைவியிடம். அவள் தலையை ஆட்டினாள். "எனக்குத் தெரியலியே மே" என்றார்.

மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டுவதற்கு வயர்களைக் கழற்ற அவர்தான் வர வேண்டியிருந்தது. அந்தப் படத்தை ஒரு பிளாப்பியில் எடுத்து வைத்திருந்தேன், பார்ப்பதற்கு மலையில் வேறு பெட்டி இல்லை என்று தெரிந்தும். அதைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன்.

"நான் சொல்லியிருக்கணும்ண்ணே. எனக்குத் தெரியும். கருப்புன்னு சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை, நிஜமாகவே புரியவில்லை. "கருப்புன்னா இன்னா மேடம் கஷ்டம்?"

 என் கையிலிருந்த பிளாப்பியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. குனிந்து பிளக்கைப் பிடுங்கி, வயரை முழங்கையில் மாட்டிச் சுற்ற ஆரம்பித்தார்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க, வுடுங்க. அவ வூட்ல இப்ப நல்லா பேசறா, சாப்புடறா. எனக்குத்தான் ஒண்ணு ஆய்ப்போச்சி. முன்ன கண்ண மூடுனா அவ வருவா மேடம். சட்டுனு வந்துடுவா, இன்னா கலருன்னெல்லாம் நான் பாக்க மாட்டேன். இப்ப மூடுனா இந்தப் பொட்டிப் பொண்ணுதான் வர்றா. கட்டம் கட்டமா. எங்க பொண்ணு வர்றதே இல்ல."